மனைவியைக் காவல்காரி ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடிநோய் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடுகின்றன. குடித்தார், குடும்பம் சீரழிந்தது, சிகிச்சையில் சேர்த்தார்கள், திருந்தி வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கணவனும் மனைவியும் ஒரு வீட்டுக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதுவோர் குறைவு. சிகிச்சை முடிந்து வரும் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருப்பவர்கள் நாங்கள். எங்கள் வேலை தொடங்குவதே அந்த இடத்தில்தான் என்பதால் இதை எழுதுகிறோம்.

வியாசர்பாடியானாலும் வேளச்சேரியானாலும், டிஸ்சார்ஜ் அன்று மனைவியிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இனிமே நீதாம்மா பாத்துக்கணும்." மாமியார் சொல்கிறார், நாத்தனார் சொல்கிறார், சில இடங்களில் வார்டு ஊழியர்களும் சொல்கிறார்கள். எதை, எப்படி, எத்தனை நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அவர் தனக்குத் தெரிந்த வழியில் தொடங்குகிறார். பக்கத்தில் வந்தால் முகர்ந்து பார்ப்பது, சட்டைப் பையைத் துழாவுவது, பைக் சீட்டைத் தூக்கிப் பார்ப்பது, வேலை இடத்துக்கு நாலு முறை போன் போடுவது, பிள்ளையை அப்பாவோடு கடைக்கு அனுப்பி "எங்கெங்க போனாரு?" என்று கேட்பது. ஒரு மாதத்துக்குள் வீடு போலீஸ் ஸ்டேஷன் போல ஆகிவிடுகிறது. குடித்தால் "நீ ஒழுங்காப் பாத்துக்கல" என்ற பழி. குடிக்காமல் இருந்தாலோ "நம்பாதவளுக்காக எதுக்கு குடிக்காம இருக்கணும்?" என்ற பேச்சு. இரண்டு பக்கமும் அடி வாங்குவது அந்தப் பெண்தான்.

காவல் காப்பதால் யாரும் குடியை நிறுத்தியதில்லை. குடிக்காமல் இருப்பது கணவரின் வேலை; அதற்குத் துணை மருத்துவர், மாத்திரை, குடியை நிறுத்தியவர்கள் கூடிப் பேசும் மீட்புக் கூட்டம். மனைவிக்கு உரியவை இருவரும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்ட சில சிறிய பொறுப்புகள் மட்டுமே. நம்பிக்கை ஒரே நாளில் கேட்டு வாங்கக்கூடியதோ கொடுக்கக்கூடியதோ கிடையாது. அது தினமும் நடக்கும் சின்னச் சின்ன ஏற்பாடுகளில்தான் திரும்பி வரும். அந்த ஏற்பாடுகள் என்னென்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் உடம்பு. கை நடுக்கம், வியர்வை, வாந்தி எல்லாம் மருத்துவமனையிலேயே, பெரும்பாலும் முதல் வாரத்தில் அடங்கிவிடும். தூக்கமின்மை, எரிச்சல், மறதி, எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது ஆகியவை பல வாரங்களுக்கு, சிலருக்குப் பல மாதங்களுக்கு நீடிக்கும். நள்ளிரவில் எழுந்து ஹாலில் உலாவுகிறவரைப் பார்த்து, எங்கோ பாட்டிலை ஒளித்து வைத்திருக்கிறார் என்று மனைவி முடிவு கட்டிவிடுகிறார். அவர் உண்மையில் தூக்கம் வராமல் தவிக்கிறார். இதற்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இன்னொரு அடிமைத்தனத்துக்கு வழி. அதை மனநல மருத்துவர் மட்டுமே எழுத வேண்டும். பகலில் தூங்காமல் இருப்பது, மாலை 4 மணிக்கு மேல் டீ, காபியைத் தவிர்ப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது ஆகியவை மெதுவாகப் பலன் தரும்.

மாலை 6 மணி முதல் 9 மணி வரைதான் கடினமான நேரம். பல வருடம் அந்த நேரத்தில் குடித்துப் பழகிய உடம்பு அது. வயிறு காலியாக இருந்தால் குடிக்கும் ஏக்கம் அதிகமாகும். 5 மணிக்கே ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுத்தான் வேலையிலிருந்து கிளம்ப வேண்டும். இனிப்பு அதிகம் கேட்பார். சர்க்கரை நோய் இல்லாதவர் என்றால் முதல் சில வாரம் அதை ஒரு குற்றமாக்க வேண்டாம். மீட்புக் கூட்டங்களில் நான்கு ஆபத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நான்கில் இரண்டு சேர்ந்து வந்தாலே எச்சரிக்கை. டாஸ்மாக் கடை வழியாக வீட்டுக்கு வருகிறவர், ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வேறு தெரு வழியாக வரட்டும். அது பயந்து ஓடுவது ஆகாது. ஏக்கம் ஒரு அலையாக எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியைக் கடத்தத் தெரிந்தால் போதும்.

அடுத்தது தினசரி ஒப்பந்தம். திமோதி ஓஃபாரல் போன்ற அமெரிக்க உளவியலாளர்கள் தம்பதியருக்காக உருவாக்கிய சிகிச்சை முறையின் மையம் இது. பொதுவாக 12 முதல் 20 வாரம், வாரம் ஒரு முறை இருவரும் சேர்ந்து ஆலோசகரைப் பார்ப்பார்கள். வீட்டில் செய்ய வேண்டியதோ தினமும் இரண்டு நிமிட வேலை. காலையில் காபி குடித்த பிறகு, டி.வி. ஓடாதபோது, மற்றவர் இல்லாதபோது இருவரும் உட்கார்கிறார்கள். அவர், "நேத்து குடிக்கல. இன்னிக்கும் குடிக்க மாட்டேன். நீ துணையா இருக்கிறதுக்கு நன்றி" என்கிறார். அவர் மனைவி, "நேத்து குடிக்காம இருந்தது எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க. இன்னிக்கு ஏதாவது உதவி வேணுமா?" என்கிறார். மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால் அதே நேரத்தில் மனைவி பார்க்க விழுங்குகிறார். சுவரில் உள்ள மாதக் காலண்டரில் ஒரு டிக். அவ்வளவுதான். அதற்கு ஈடாக மனைவி ஒப்புக்கொள்வது: அன்றைக்கு இனி குடியைப் பற்றிக் கேள்வி இல்லை, பழைய குடியைப் பற்றிய குத்தலும் இல்லை. பேசியே ஆக வேண்டியதை ஆலோசகர் முன் பேசிக்கொள்ளலாம்.

கேட்பதற்கு நாடகம் போல இருக்கும். முதல் வாரம் இருவருக்குமே கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தும் இது பலன் தருவதற்குக் காரணம் உண்டு. நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சந்தேகத்துக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் கிடைத்துவிடுகிறது. கணவருக்கும், யாரும் கேட்காமல் தானே சொன்ன வார்த்தை என்பதால் அதில் ஒரு பிடிப்பு வருகிறது. எங்கே கெடுகிறது என்றால், மாமியாரைச் சாட்சியாக உட்கார வைக்கும்போது. காலையில் நடக்க வேண்டியது இரவு வீடு திரும்பிய பிறகு விசாரணையாக நடக்கும்போது. "என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு", "பிள்ள மேல சத்தியம் பண்ணு" என்று அதைச் சத்தியமாக்கும்போது. இன்று ஒரு நாளுக்கான வார்த்தை மட்டுமே அது. சத்தியம் உடைந்தால் மனிதர் வெட்கத்தில் இன்னும் குடிப்பார். ஒரு நாள் தவறினால் மறுநாள் மீண்டும் தொடங்க முடியும்.

சந்தேகம் தீரவே இல்லை என்றால் முகர்ந்து பார்ப்பதற்குப் பதில் மருத்துவரிடம் விட்டுவிடலாம். ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதியின் ரத்தப் பரிசோதனை அளவு குடியை நிறுத்திய சில வாரங்களில் இறங்கும்; மறுபடி ஏறினால் மருத்துவர் கேட்பார். கல்லீரல் கொழுப்பாலும் சில மாத்திரைகளாலும்கூட அது ஏறும் என்பதால் ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் யாரும் தீர்ப்பு எழுதக்கூடாது.

மாத்திரைகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்யும் மாத்திரை டைசல்பிராம். அதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு வரலாம். ஆகவே அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ மோரிலோ கலந்து கொடுப்பது குற்றம் என்பதோடு கொலைக்குச் சமமான ஆபத்து. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று விளம்பரம் செய்து விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். டைசல்பிராம் எடுப்பவர் வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் நொதிப்பால் உண்டான ஆல்கஹால் இருக்கிறது, சில இருமல் சிரப்புகளிலும் உண்டு. பாட்டி அன்போடு கொடுக்கும் ஒரு மூடி அரிஷ்டம் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

குடி ஏக்கத்தைக் குறைக்கத் தரும் மாத்திரைகள் வேறு. அகாம்ப்ரோசேட் என்றால் வழக்கமாக 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை, ஒரு நாளைக்கு ஆறு. இதில் தவறுவது எப்போதும் மதிய வேளைதான். சாப்பாட்டு டப்பாவோடு வைத்துக் கொடுத்தால் தவறாது. நால்ட்ரெக்சோன் வழக்கமாக நாளொன்றுக்கு 50 மில்லிகிராம். கல்லீரல் பரிசோதனை பார்த்த பிறகே தொடங்குவார்கள், வலிக்கான ஓபியாய்டு (அபின் வகை) மருந்து எடுக்கிறவருக்குக் கொடுக்க மாட்டார்கள். எந்த மாத்திரையையும் "இப்பதான் நல்லாயிட்டாரே" என்று வீட்டிலேயே நிறுத்துவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு.

பணத்துக்கு வருவோம். சம்பளம் முழுவதையும் ஏ.டி.எம். கார்டோடு மனைவி வாங்கி வைத்துக்கொள்வது ஒரு எல்லை. "நான்தான் மாறிட்டேனே, கார்டைக் கொடு" என்பது இன்னொரு எல்லை. இரண்டும் சண்டையில்தான் முடிகின்றன. முதலில் ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுத வேண்டும்: யாருக்கு, அசல் எவ்வளவு, வட்டி என்ன, எந்த நகை எங்கே அடகில், கெடு எப்போது. மறைத்து வைத்த கடன் ஆறாவது மாதம் வெளியே வந்தால் அது குடித்ததைவிடப் பெரிய துரோகமாகத் தெரியும். எனவே இந்தப் பட்டியலை ஆலோசகர் முன் முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது. ஏலத்துக்குப் போகப்போகும் நகைக்கும், தினத் தண்டல் கடனுக்கும் முதலிடம். அநியாய வட்டி கேட்டு மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

முதல் மூன்று மாதம் சம்பளம் இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் விழட்டும். பஸ், டீ, சாப்பாட்டுக்கு வாரக் கணக்கில் ஒரு தொகை அவர் கையில். கூகுள் பே, போன்பே போனில் இருந்தால், வங்கி ஆப்பில் தினசரி வரம்பைக் குறைத்து வைக்கலாம். மூன்று மாதம் சரியாகப் போனால் ஒரு பொறுப்பை அவரிடம் தரலாம்: இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் இ.பி. பில், அல்லது பிள்ளையின் வேன் கட்டணம். பிறகு இன்னொன்று. தீபாவளி போனஸ், எடுத்த சீட்டுப் பணம், நிலம் விற்ற பங்கு என்று மொத்தமாகக் கையில் வரும் பணம் பலரை மறுபடி கடைக்கு இழுத்திருக்கிறது. அப்படிப்பட்ட தொகை வரும் முன்பே எதற்கு என்று முடிவு செய்து, வந்த அன்றே அதற்குக் கட்டிவிட வேண்டும்.

இதற்குள்தான் பெரிய மனக்கசப்பும் ஒளிந்திருக்கிறது. கணவர் குடித்த வருடங்களில் வீட்டை நடத்தியவர் மனைவி. ஸ்கூல் அட்மிஷன், ரேஷன், வாடகை, மாமனாரின் மருத்துவம் எல்லாம் அவர் தலையில்தான். தெளிந்து வந்தவர் இரண்டாவது வாரமே "நான்தான் குடும்பத் தலைவன்" என்று எல்லாவற்றிலும் கை வைக்கிறார். அவருக்கு அது மாறியதன் அடையாளம். மனைவிக்கோ தான் பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வது போல இருக்கிறது. வளர்ந்த பிள்ளைகளும் அப்பா பேச்சைக் கேட்க மாட்டார்கள். மரியாதை வேண்டும் என்று அடிக்கவோ, காலில் விழச் சொல்லவோ வேண்டாம். தினமும் சொன்ன நேரத்துக்கு ஸ்கூல் வாசலில் நிற்கிற அப்பாவைப் பிள்ளைகள் ஒரு வருடத்தில் தாங்களாகவே நம்பத் தொடங்குவார்கள்.

குடி நின்ற பிறகுதான் மனைவிக்குக் கோபம் வரும். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் குடித்த காலத்தில் அன்றாடம் தப்பிப்பதே வேலையாக இருந்தது, அழக்கூட நேரமில்லை. வீடு அமைதியான இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் பத்து வருட அவமானமும் ஒன்றாக மேலே வருகிறது. தூக்கம் கெடுகிறது, தலைவலி, முதுகுவலி, சின்ன விஷயத்துக்கும் கத்தல். உறவினர்கள், "இப்பதான் நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்கிறார்கள். அந்தப் பெண் செய்வது எதுவும் தவறு கிடையாது. அவருக்கும் சிகிச்சை தேவை என்பதன் அறிகுறி அது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே 1951-இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் சென்னையிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, வெளியே பெயர் போகாது, கணவர் குடித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்தியிருந்தாலும் போகலாம். ஆறு வாரமாகியும் மனம் இருண்டே கிடந்தால், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

படுக்கையறை பற்றிப் பேசத் தயங்குவதால்தான் பல வீடுகளில் மறுபடியும் பாட்டில் வருகிறது. நீண்டகாலக் குடி ஆண்மைக்குறைவை உண்டாக்கும். நிறுத்திய பிறகு பலருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் சரியாகிறது. சர்க்கரை நோய், நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தாமதமாகும். சில மருந்துகளாலும் குறையலாம், அதை மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். "குடிச்சாத்தான் முடியுது" என்று நினைத்து ஒரு குவார்ட்டர் வாங்கியவர்களும், லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாந்தவர்களும் உண்டு. மறுபக்கம், குடித்துவிட்டு வந்தவரிடம் கட்டாயத்தின்பேரில் படுத்த பெண்ணின் உடம்பு, அவர் தெளிந்துவிட்டார் என்று உடனே மறந்துவிடாது. அவருக்கு விருப்பம் வரும்வரை காத்திருப்பது கணவரின் கடமை. ஒரே அறையில் படுத்து, கையைப் பிடித்துப் பேசுவதோடு நிறுத்திக்கொள்வதாகச் சில வாரம் இருவரும் ஒப்புக்கொள்வது பயத்தைக் குறைக்கும். வெளித்தொடர்பு இருந்ததாகத் தெரிந்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இருவருமே இலவசமாக, ரகசியமாக எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். "ஒரு குழந்தை பொறந்தா பொறுப்பு வந்துடும்" என்று அவசரப்படுத்தும் பெரியவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம்: முதல் வருடம் அந்தப் பேச்சே வேண்டாம்.

மனைவி மேல் சந்தேகம் என்பது குடிநோயோடு வரும் தனி நோய். பால்காரரோடு பேசினாலும் குற்றம், போன் அடித்தாலும் விசாரணை. குடியை நிறுத்தினால் பலருக்கு இது குறையும். குடியில்லாமலும் ஒரு மாதத்துக்கு மேல் அதே உறுதியோடு நீடித்தால், அதை மனநல மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது. தன் ஒழுக்கத்தை நிரூபிக்க மனைவி போனைக் காட்டுவதும், கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதும் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது, வளர்க்கும். கொலை வரை போகக்கூடிய அறிகுறி இது என்பதால் யாரும் இதை "பொசசிவ்" என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

விசேஷங்களை முதல் ஆறு மாதம் தேர்ந்தெடுத்துத்தான் போக வேண்டும். காலை முகூர்த்தத்துக்குப் போய் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இரவு ரிசப்ஷனும், மண்டபத்துக்கு வெளியே காருக்குள் நடக்கும் 'பார்ட்டி'யும் வேண்டாம். சாவு வீட்டில்தான் பலர் தவறுகிறார்கள், துக்கமும் களைப்பும் பசியும் சேர்ந்து வருவதால். மாலை வாங்கிக்கொண்டு போய், குடும்பத்தோடு இருந்து, சுடுகாட்டிலிருந்து நேரே வீடு வர வேண்டும். "ஒரு பீர்தானே மச்சான்" என்கிறவரிடம் விளக்கம் சொல்லத் தொடங்கினால் தோல்விதான். "மாத்திரை சாப்பிடறேன், டாக்டர் சொல்லியிருக்கார்" என்ற ஒரு வரி போதும். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம், 41 நாள், குடிக்காமல் இருப்பவர்கள் பலர். அந்த மன உறுதி பெரியது. மாலையைக் கழற்றும் நாளுக்குத் திட்டம் இல்லாததால்தான் அன்று மாலையே குடி தொடங்குகிறது. கழற்றும் நாளுக்கு மறுநாளே மருத்துவரையோ கூட்டத்தையோ பார்க்க முன்கூட்டி ஏற்பாடு செய்துவைத்தால் அந்த 41 நாள் வீணாகாது. தினமும் அதிகம் குடிப்பவர், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குபவர், மாலை போடுவதற்காகவோ கயிறு கட்டுவதற்காகவோ திடீரென்று நிறுத்தவே கூடாது, முதலில் மருத்துவமனை.

ஏனென்றால் அந்த நிறுத்தம் கொல்லும். கடைசிக் குடியிலிருந்து 6 மணி நேரம் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் ஜன்னி கண்டது போல இல்லாததைப் பார்த்து, பிதற்றி, காய்ச்சலும் நடுக்கமுமாக உயிர் போகலாம். தெரு கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்காதீர்கள். குடிநோயாளியின் உடம்பில் தயமின் எனும் பி1 சத்து குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும். 108-ஐ அழைத்து அரசுப் பொது மருத்துவமனைக்கோ, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ, வலிப்பைச் சமாளிக்க வசதி உள்ள வேறு மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும்.

ஒரு நாள் சறுக்கினால் என்ன செய்வது என்பதைச் சறுக்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். குடித்திருப்பவரிடம் அன்று இரவு எந்த வாதமும் இல்லை. பிள்ளைகளை எழுப்பிக் காட்டுவது இல்லை. டைசல்பிராம் எடுப்பவர் என்றால் நேரே ஆஸ்பத்திரி. மறுநாள் காலை அவரே மருத்துவருக்கோ கூட்ட நண்பருக்கோ போன் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள். மனைவி அவர் வேலை இடத்துக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்று பொய் சொல்லக் கூடாது, அவர் குடித்த கணக்கை அடைக்கவும் கூடாது. ஒரு நாள் தவறியதால் கடந்த நான்கு மாதம் பொய்யாகிவிடாது. மறைத்தால் அது நான்கு நாளாகும், நான்கு நாள் நாற்பது நாளாகும். போதை மாத்திரை, ஊசி பழகியவர்களுக்கு இதைவிட ஆபத்து அதிகம்: சிகிச்சைக்குப் பிறகு உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும், பழைய அளவே உயிரைப் பறிக்கும்.

இவ்வளவும் அடி, உதை இல்லாத வீட்டுக்கு. அடி விழும் வீட்டில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவதே ஆபத்து. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண், அனைத்து மகளிர் காவல் நிலையம், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர் ஆகிய வழிகள் உண்டு. அந்தச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை வாங்கலாம், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் கோரலாம். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், நகைச் சீட்டு ஆகியவற்றின் நகலை நம்பகமான ஒருவர் வீட்டில் வைத்திருக்க வேண்டும். பிரிந்துபோக முடிவு செய்யும் பெண்ணை "அவன் திருந்தினப்புறம் விட்டுட்டுப் போறா" என்று பேசாதீர்கள். சேர்ந்து வாழ்வது ஒரு சிகிச்சை முறை கிடையாது.

மனைவி குடிநோயாளியாக இருக்கும் வீடுகளும் உண்டு. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். எண்ணிக்கை சிறியதாக இருப்பதாலேயே அவர்களுக்கு உதவி கிடைப்பது கடினம். கணவரை மனைவி காத்திருந்து கூட்டி வருகிறார்; மனைவியையோ தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மேலே சொன்ன எல்லாமே அவர்களுக்கும் பொருந்தும்.

இனி நாங்கள் கேட்பது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதன் 98-ஆவது பிரிவு, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் அவரோடும், அவர் யாருடன் வசிக்கப் போகிறாரோ அந்தக் குடும்பத்தாரோடும் மருத்துவர் கலந்து பேசி, அடுத்து என்ன சிகிச்சை என்று திட்டமிட வேண்டும் என்கிறது. "நீதாம்மா பாத்துக்கணும்" என்பது அந்தத் திட்டம் ஆகாது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கி, இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை, குடும்பத்தாருக்கும் தனிப் பயிற்சி தரும் வழக்கத்தை இந்த நகரத்துக்குக் காட்டியது. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அது எல்லா மையங்களின் வழக்கமாகவில்லை; அடைத்துவைத்து அடிக்கும் இடங்களும் 'மறுவாழ்வு மையம்' என்ற பலகையோடு நடக்கின்றன. ஆளைச் சேர்க்கும் முன், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அரசு மருத்துவமனைகளின் மதுமீட்புப் பிரிவும் தனியார் மையங்களும் டிஸ்சார்ஜ் அன்று தமிழில் ஒரு பக்கத் தாள் தர வேண்டும்: மாத்திரையின் பெயரும் வேளையும், எது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், அடுத்த நான்கு மறுபரிசோதனைத் தேதிகள், சறுக்கினால் அழைக்க வேண்டிய எண், மனைவி செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன. மறுபரிசோதனை நாளில் மனைவியைத் தனியாகப் பத்து நிமிடம் கேட்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களால் காலை 9 மணி ஓ.பி.க்கு வர முடியாது. வாரத்தில் ஒரு மாலையாவது குடும்பத்தாருக்கான நேரமாக ஒதுக்கப்பட வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். குடிபோதையில் நடந்த தகராறு, தற்கொலை என்று செய்தி வெளியிடும்போதெல்லாம் அதன் கீழே 14446 என்ற தேசிய போதை மீட்பு இலவச உதவி எண்ணையும், 14416, 181 ஆகிய எண்களையும் பெட்டி கட்டி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
குடிநோய் மீட்புக்கான குடும்ப ஆலோசகர்கள்,
சென்னை.